வாங்கின கூட்டம்

மெஷின் டீச்சர் என்று அவளுக்குப் பேர் வைத்தது நாத்தனார்தான். அவள் எந்தப் பள்ளிக்கூடத்திலும் சாக்பீஸ் பிடித்தவள் இல்லை. கல்யாணமாகி வந்த புதிதில், "ஆபீஸ்ல நீ என்னதான் பண்றே?" என்று நாத்தனார் கேட்டாள். "எங்க கம்பெனி சாஃப்ட்வேரை எப்படி உபயோகிக்கணும்னு எழுதறேன் அண்ணி. முன்னே மனுஷங்க படிக்கறதுக்கு எழுதினேன். இப்போ மனுஷங்களுக்குப் பதிலா வேலை பாக்கற ஏஐ ஏஜென்ட் படிக்கறதுக்கு எழுதறேன்" என்று இவளும் வெள்ளந்தியாகச் சொல்லித் தொலைத்தாள். அவ்வளவுதான். "மெஷினுக்குப் பாடம் எடுக்கற டீச்சரா நீ!" என்று நாத்தனார் கையைத் தட்டிச் சிரித்தாள். அன்றைக்குப் பிடித்த பேர் தையல்கூடம் முழுக்கப் பரவி, தண்ணீர் கேன் போடுகிறவர் வரைக்கும் அதுவே நிலைத்துவிட்டது. பெற்றவர்கள் வைத்த பேரைக் கூப்பிட அந்த வீட்டில் ஆள் இல்லாமல் போயிற்று.

கீழே நாத்தனார், மாடியில் தம்பியும் தம்பி பொண்டாட்டியும். வீட்டைக் கட்டின மகராசன் சிக்கனம் பார்த்து மாடிப்படியை உள்ளேயே வைத்துவிட்டான். ஆகவே டீச்சர் ஆபீஸுக்குப் போவதானாலும் கடைக்குப் போவதானாலும் தையல்கூடத்துக்குள் இறங்கித்தான் போயாக வேண்டும். முன் அறையில் மூன்று தையல் மெஷின், துணி ஓரம் அடிக்க ஒரு ஓவர்லாக், நடுவில் வெட்டு மேஜை, மூலையில் இஸ்திரிப் பெட்டி. பாக்கி இடமெல்லாம் குழந்தைகள் கவுனும் சட்டையும். மழைக்காலத்தில் துணி ஈரத்தை இழுத்துக்கொண்டு அறை முழுக்க ஒரு மக்கல் வாடை அடிக்கும். நூல் பிசிறு உள்ளங்காலில் ஒட்டிக்கொண்டு மாடி வரைக்கும் ஏறி வரும். சில நாள் சோற்றிலும் கிடக்கும்.

நாத்தனார் லேசுப்பட்டவள் இல்லை. அவள் புருஷன் வேறொரு ஊரில் வேறொரு குடும்பத்தோடு சௌக்கியமாக இருந்தார். அவர் விட்டுப் போன வருஷம் ஒற்றை மெஷினோடு உட்கார்ந்தவள்தான். தம்பியை லிஃப்ட் மெக்கானிக் ஆக்கி, இந்த வீட்டை வாங்கி, அவனுக்குக் கல்யாணமும் செய்து வைத்தாள். மெஷினை மிதித்து மிதித்து இடுப்பு போயிருந்தது. கத்தரிக்கோல் பிடித்த கட்டைவிரலில் சுண்டைக்காய் அளவுக்குக் காய்ப்பு. இத்தனையும் செய்தவள் அதைச் சொல்லிக்காட்டாமல் இருந்திருந்தால் அவளைக் கோயில் கட்டிக் கும்பிடலாம். சொல்லிக்காட்டாத நாள் அவளுக்குச் சாப்பாடு இறங்காது.

வாய்தான் அவளுக்கு முதல். செவ்வாயும் வெள்ளியும் காலை பதினோரு மணிக்குத் சமூக ஊடகத்தில் தன் கடைப் பக்கத்தில் நேரலை வருவாள். வெட்டு மேஜைக்குப் பின்னால் நின்றுகொண்டு ஒவ்வொரு கவுனாகத் தூக்கிக் காட்டி, பேச்சோடு பேச்சாக யாரையாவது வாரிக்கொண்டே இருப்பாள். போனைப் பிடித்துக்கொண்டு நிற்பது காஜாக்காரியின் வேலை. அவள் காஜா எடுப்பவள், பொத்தான் தைப்பவள். ஐம்பது வயது. பத்து வருஷமாக அங்கேயே இருந்தாள். பார்க்கிறவர்கள் எண்ணூறு தொள்ளாயிரம் பேர் இருப்பார்கள். வாரத்துக்கு ஐம்பது உருப்படி போகும். காஜாக்காரி, தைக்கிற பெண்கள் இரண்டு பேர் என்று மூன்று பேர் வீட்டில் அதனால்தான் உலை கொதித்தது.

ஒரு வெள்ளிக்கிழமை மாடியில் மோட்டார் ரிப்பேர். டீச்சர் கீழே குளித்துவிட்டு, நேரலை முடிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு, நைட்டியும் தலையில் சுற்றிய துண்டுமாக வெளியே வந்தாள். முடிந்திருக்கவில்லை.

"வாங்க மகாராணி, வாங்க!" என்று நாத்தனார் அவள் கையைப் பிடித்து இழுத்து மேஜைக்கு முன்னால் நிறுத்தினாள். "பாத்துக்குங்க எல்லாரும். இதுதான் எங்க வீட்டு மெஷின் டீச்சர். ஊர்ல இருக்கற மெஷினுக்கெல்லாம் பாடம் எடுப்பாங்க. ஒரு பொத்தான் தைக்கச் சொல்லுங்க, விரலையும் சேத்துத் தைச்சுக்குவாங்க!"

"விடுங்க அண்ணி."

"இருடி. கல்யாணமாகி நாலு வருஷம் ஆகுதுங்க. ஊர்க் குழந்தைக்கெல்லாம் நான் கவுன் தைக்கறேன். இவ வயித்துல பொறக்கப் போற குழந்தைக்கு எப்போ தைக்கறதுன்னு ஒரு வார்த்தை சொல்லமாட்டேங்கறா." கையிலிருந்த கைக்குழந்தைக் கவுனை டீச்சரின் வயிற்றில் வைத்து இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்தாள். "அளவு சரியாத்தான் இருக்கு. ஆள்தான் வரக் காணோம்!"

மூன்று வாரத்துக்கு முன்னால்தான் டீச்சர் கர்ப்பம் கலைந்து ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு வந்திருந்தாள். அது நாத்தனாருக்குத் தெரியாததில்லை. கஞ்சி காய்ச்சிக் கொடுத்தவளே அவள்தான். பேச்சு வேகத்தில் மறந்துபோனாளா, நினைவு இருந்தும் சொன்னாளா என்பது அவளுக்கே வெளிச்சம். காஜாக்காரி மட்டும் போனைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டாள். "ஏய், போனை இந்தப் பக்கம் திருப்புடி! யாரு சொல்லி அந்தப் பக்கம் வச்சே?" என்று நாத்தனார் போட்ட சத்தமும் நேரலையில் போய், அதற்கும் ஒரு பாட்டம் சிரிப்பு.

யாரோ அந்த அரை நிமிஷத்தை மட்டும் வெட்டி எடுத்து, பின்னால் டமாரம் அடித்துப் போட்டுவிட்டார்கள். சாயங்காலத்துக்குள் இரண்டு லட்சம் பேர் பார்த்தாயிற்று. பக்கத்தைப் பின்தொடர்கிற கூட்டம் ஒன்பதாயிரமாக இருந்தது, மறுநாள் ஐம்பத்தோராயிரம். அதைப் பார்த்து ஒரு மொத்தக் கடைக்காரர் முதல் ஆர்டர் கொடுத்தார். அதுவரைக்கும் ஐம்பது ஐம்பதாகப் போன உருப்படி ஐந்நூறாகப் போயிற்று.

"பாத்தியா, உன் மூஞ்சி ராசியான மூஞ்சி" என்று நாத்தனார் டீச்சரின் கன்னத்தைக் கிள்ளினாள்.

டீச்சர் புருஷனிடம் சொல்லி அழுதாள். அவன் கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டே, "அக்கா விளையாட்டுக்குச் சொல்லியிருக்கும். நீ ஏன் அதைப் பெரிசு பண்றே?" என்றான். அவன் நல்லவன்தான். அக்கா விஷயம் வந்தால் மட்டும் அவனுக்குக் காதும் கேட்காது, கண்ணும் தெரியாது.

டீச்சர் அதற்கப்புறம் அதைப் பற்றிப் பேசவில்லை. ஆபீஸில் உட்கார்ந்து அந்த வீடியோவின் எண்களைத்தான் பார்த்தாள். அவள் கம்பெனி விற்பதே அந்தச் சாமான்தானே. சமூக ஊடகத்தில் யாருடைய பக்கத்தைக் கொடுத்தாலும் எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் நின்றார்கள், எந்த வினாடியில் விலகிப் போனார்கள், வந்த கூட்டம் தானாக வந்ததா காசுக்கு வந்ததா என்று பிரித்துச் சொல்லிவிடும். தன் வயிற்றில் கவுன் வைத்த அந்த வினாடியில் ஒருத்தர்கூட விலகிப் போகவில்லை என்று அதில் தெரிந்தது. இரண்டாவது தடவை, மூன்றாவது தடவை போட்டுப் பார்த்தவர்கள் முப்பதாயிரம் பேர். அவமானத்தை இவ்வளவு துல்லியமாக எண்ணிப் பார்க்கிற வசதி எத்தனை பேருக்குக் கிடைக்கும்.

இரண்டு மாதம் கழித்து, ஏஜென்டுக்கான கையேட்டில் ஏழாவது பக்கம் எழுத வேண்டி வந்தது.

மனிதர்களுக்கு எழுதுவது ஒரு மாதிரி, ஏஜென்டுக்கு எழுதுவது வேறு மாதிரி. மனிதர்கள் பாதி படித்துவிட்டுப் பாதியை ஊகித்துக்கொள்வார்கள். சந்தேகம் வந்தால் போன் போட்டுத் திட்டுவார்கள். ஏஜென்ட் திட்டாது. ஒவ்வொரு தடவை வேலை தொடங்கும்போதும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் புதிதாகப் படித்துவிட்டு, எழுதியிருப்பதை அப்படியே நம்பிச் செய்யும். 'இந்தக் கருவியை எப்போது எடுக்க வேண்டும், எப்போது எடுக்கக் கூடாது, எதைக் கொடுக்க வேண்டும், என்ன திரும்பி வரும், வந்ததை வாடிக்கையாளரிடம் எப்படிச் சொல்ல வேண்டும்' என்று ஒன்றொன்றாகப் பிட்டுப் பிட்டு வைக்க வேண்டும். பெரும்பாலும், ஒருவேளை என்று எழுதினால் மேலாளர் கோடு போட்டு அடித்துவிடுவார். "சுருக்கமா எழுது, தீர்மானமா எழுது" என்பதைத் தவிர அவர் வேறு பேசி யாரும் கேட்டதில்லை. ஆபீஸில் அவருக்குச் சுருக்கம் சார் என்றே பேர்.

அவருடைய இன்னொரு சட்டம், உதாரணம் நிஜமாக இருக்க வேண்டும் என்பது. "புனைபேர் போட்டா அது எல்லாத்தையும் புனைஞ்சுக்கும். உயிரோட இருக்கற பக்கத்தைப் போடு. நம்ம கருவியில போட்டா அதே எண் வரணும்." அப்படி நிஜப் பக்கத்தைப் போட்டால் ஏஜென்ட் அதைப் படித்து நினைவில் வைத்துக்கொண்டு, கேட்கிற இடத்திலெல்லாம் தூக்கிக் காட்டும் என்பது டீச்சருக்குத் தெரியும். மனிதர்களுக்கு எழுதிய காலத்தில் உதாரணத்தில் யார் பேர் இருந்தாலும் எவனும் திரும்பிப் பார்க்க மாட்டான். இது அப்படி இல்லை.

ஏழாவது பக்கம், காசு கொடுத்து வாங்கின கூட்டத்தைக் கண்டுபிடிப்பது பற்றி. ஒரே நாளில் செங்குத்தாக ஏறி, அடுத்த வாரமே அசையாமல் நின்றுவிட வேண்டும். அப்படி ஒரு கோடு அவளுக்கு நன்றாகத் தெரிந்த பக்கத்தில் இருந்தது. அது வாங்கின கூட்டம் இல்லை, தன்னைப் பார்த்துச் சிரிக்க வந்த கூட்டம் என்று அவளைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? தெரிந்துதான் எழுதினாள். மத்தியானம், சாப்பாட்டு டப்பாவைக்கூடக் கழுவி வைக்காமல், ஒரே மூச்சில் எழுதினாள். நாத்தனாருடைய பக்கத்தின் பேரைப் போட்டு, அதன் எண்களைப் போட்டு, கீழே இப்படி முடித்தாள்: 'இது காசு கொடுத்து வாங்கிய கூட்டம். இப்படிப்பட்ட பக்கத்துக்கு ஆர்டர் கொடுக்க வேண்டாம் என்று வாடிக்கையாளரிடம் சொல். கேட்டாலும் சொல், கேட்காவிட்டாலும் சொல்.'

அன்றைக்கு ராத்திரி பல நாளைக்கப்புறம் நன்றாகத் தூங்கினாள்.

மழை தொடங்கின மாதத்தில் கீழே சத்தம் குறைய ஆரம்பித்தது. முதலில் ஓவர்லாக் நின்றது. அப்புறம் இரண்டாவது மெஷின், மூன்றாவது மெஷின். "மழை பேஞ்சா யாரு துணி வாங்கறா" என்றாள் நாத்தனார். நேரலைக்கு வருகிறவர்கள் ஐந்நூறாகி, முந்நூறாகி, அதிலும் பாதிப் பேர் 'இது டூப்புக் கூட்டமாமே' என்று எழுதிவிட்டுப் போனார்கள். வாங்குவதற்கு முன்னால் ஏஜென்டைக் கேட்டுவிட்டு வாங்குகிற காலம். கேட்டவர்களுக்கெல்லாம் அது ஏழாவது பக்கத்தைப் படித்துவிட்டு ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தது.

ஒரு நாள் டீச்சர் ஆபீஸுக்கு இறங்கி வரும்போது நாத்தனார் மொத்தக் கடைக்காரரோடு பேசிக்கொண்டிருந்தாள். போன் ஸ்பீக்கரில் மேஜைமேல் கிடந்தது. ஐந்நூறு கவுனுக்குத் துணி வெட்டி அடுக்கி வைத்திருந்தது.

"வெட்டியாச்சுண்ணே. முழுசும் வெட்டியாச்சு. இப்போ வந்து வேணாம்னா எப்படி?"

"நான் என்னம்மா பண்றது? வாங்கற சமாசாரமெல்லாம் இப்போ எங்க ஏஜென்ட்தான் பாத்துக்குது. அது வேணாங்குது."

"என்னன்னு வேணாங்குது?"

"இரு, படிக்கறேன். இது காசு கொடுத்து வாங்கிய கூட்டம். இப்படிப்பட்ட பக்கத்துக்கு ஆர்டர் கொடுக்க வேண்டாம். அவ்வளவுதான் போட்டிருக்கு. நான் உன்னைப் பத்திக் கேக்கவே இல்லை. அதுவா வந்து சொல்லுச்சு."

டீச்சர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தான் எழுதின வாக்கியத்தை வேறொருத்தர் வாயால் கேட்பது அவளுக்கு அதுதான் முதல் தடவை. மனிதர்களுக்கு எழுதின எட்டு வருஷத்தில் அவள் எழுத்தை யாரும் அப்படி எழுத்துக்கு எழுத்து மதித்ததில்லை. பயமாகத்தான் இருந்தது. பயத்துக்கு நடுவில் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

"நான் யாருக்குண்ணே காசு கொடுத்தேன்? என் குழந்தை மாதிரி வளத்த பக்கம்ணே!" என்று நாத்தனார் கத்திக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் போனை வைத்து வெகுநேரம் ஆகியிருந்தது.

டீச்சர் நேராகச் சுருக்கம் சாரிடம் போனாள். வழியெல்லாம் மழை, பஸ்ஸில் கசகசப்பு. இவ்வளவு தூரம் போகும் என்று நான் நினைக்கவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். போகும் என்று நினைத்துத்தான் எழுதினாள் என்பதும் உள்ளே எங்கேயோ உறுத்தியது.

"சார், ஏழாவது பக்கத்து உதாரணத்தை மாத்திடலாமா?"

"எதுக்கு?"

"பழசாயிடுச்சு சார்."

"பழசானா என்ன? திரிஞ்சு போறதுக்கு அது என்ன பாலா?" அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்த உதாரணம் வர்றதுக்கு முன்னே சோதனைக்கு ஏஜென்டை இருநூறு கேள்வி கேட்டா நூத்தி இருபதுதான் சரியா வரும். இப்போ நூத்தித் தொண்ணூறு வருது. நானே உன்னைக் கூப்பிட்டுச் சொல்லணும்னு இருந்தேன். மத்தப் பக்கத்துலயும் அதே உதாரணத்தைப் போட்டுடலாம்னு மேலே கேட்டிருக்காங்க."

"மத்ததுலயுமா?"

"ஏன், தப்பான உதாரணமா? தப்புன்னா சொல்லு, இந்த நிமிஷமே எடுத்துடறேன்."

இதைவிட நல்ல சந்தர்ப்பம் அவளுக்கு வாய்க்காது. ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். ஆனால் ஆமாம் என்றால் அடுத்த கேள்வி, தெரிந்தே எழுதினாயா என்பதாக இருக்கும். போன வருஷம் தெரிந்தே தப்பாக எழுதினவன் ஒருவன் அன்றைக்கு மத்தியானமே சாப்பாட்டு டப்பாவும் கையுமாக வெளியே நின்றான். வேலை போனால் பகல் முழுக்கத் தையல்கூடத்தின் மாடியில் உட்கார்ந்திருக்க வேண்டும். நாத்தனார் கண் எதிரே, பொத்தான் தைக்கக் கற்றுக்கொண்டு.

"இல்லை சார். தப்பில்லை."

"அப்போ போய் வேலையைப் பாரு."

படி இறங்கும்போது அவளுக்குத் துக்கமாக இருந்திருக்க வேண்டும். உண்மையைச் சொன்னால், மனசு லேசாகத்தான் இருந்தது. முயற்சி பண்ணியாயிற்று, நடக்கவில்லை, நான் என்ன செய்வேன் என்று சொல்லிக்கொள்ள ஒரு சாக்கு கிடைத்துவிட்டது.

நாத்தனாருக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது. காசு கொடுத்துக் கூட்டம் வாங்கினது தான் இல்லை என்றால் வேறு யாரோ வாங்கியிருக்க வேண்டும். போன் யார் கையில் இருந்தது? பாஸ்வேர்டு யாருக்குத் தெரியும்? இரண்டு நாள் இப்படி யோசித்துவிட்டு, மூன்றாம் நாள் காலையில் காஜாக்காரி செருப்பைக் கழற்றுவதற்குள் பிடித்துக்கொண்டாள்.

"யாருகிட்டடி காசு வாங்கினே?"

"என்னக்கா சொல்றீங்க?"

"அந்தத் தெருக்கோடித் துணிக்காரிகிட்டத்தானே? என் பக்கத்துல போலிக் கூட்டத்தை ஏத்தி விட்டு என் பேரைக் கெடுன்னு உனக்கு எவ்வளவு கொடுத்தா?"

"அக்கா, எனக்குப் போனைப் பிடிக்கத்தான் தெரியும். அதுல கூட்டம் ஏத்தறது இறக்கறது எல்லாம் நான் எதைக் கண்டேன்?"

"பையைக் கொட்டு."

"அக்கா..."

"கொட்டுன்னா கொட்டு!"

காஜாக்காரி பையை வெட்டு மேஜையில் கவிழ்த்தாள். ஒரு சின்ன டப்பாவில் சோறும் வெங்காயமும், மூக்குக்கண்ணாடி, மாத்திரை அட்டை, கைக்குட்டை. கூடவே கடையின் பொத்தான் ஏழெட்டு. தைக்கும்போது கீழே விழுந்தவற்றைப் பொறுக்கிப் பையில் போட்டு மறுநாள் திருப்பி வைப்பது அவள் வழக்கம். எல்லாருக்கும் தெரிந்த வழக்கம்தான். நாத்தனாருக்கும் தெரியும்.

"பாத்தீங்களா, பாத்தீங்களா! பொத்தானையே விட்டு வைக்காதவ பக்கத்தை விட்டு வைப்பாளா?" தைக்கிற இரண்டு பெண்களும் தலையைக் குனிந்துகொண்டார்கள். இன்னும் வேலை இருக்கிறதா இல்லையா என்று தெரியாத நேரத்தில் யார் வாயைத் திறப்பார்கள்?

டீச்சர் குடையோடு படிக்கட்டின் கடைசிப் படியில் நின்றாள். காஜாக்காரி அவளைப் பார்த்துவிட்டாள்.

"டீச்சரம்மா, நீங்க சொல்லுங்கம்மா. இந்த வேலையே பாக்கறவங்க நீங்க. உங்களுக்குத் தெரியும்ல. நான் இப்படிப் பண்ணியிருப்பனாம்மா?"

அன்றைக்குப் போனைச் சுவர்ப்பக்கம் திருப்பினவள் இவள் ஒருத்திதான். டீச்சருக்கு அது ஞாபகம் வராமல் இல்லை.

"உங்க கொடுக்கல் வாங்கல் எனக்கு எப்படிக்கா தெரியும்?" என்றாள்.

காஜாக்காரி டப்பாவையும் மாத்திரையையும் எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, பொத்தான்களை ஒன்றொன்றாக மேஜையில் வரிசையாக வைத்துவிட்டு, மழையில் இறங்கி நடந்தாள். கையில் குடை இல்லை. டீச்சர் அதே பக்கம்தான் போக வேண்டும். காஜாக்காரி முனை திரும்பும் வரைக்கும் வாசலிலேயே நின்றிருந்துவிட்டுப் பிறகு குடையை விரித்தாள்.

அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை காலையில் நாத்தனார் மாடி ஏறி வந்தாள். டீச்சர் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து வேண்டியதைக் கீழே நின்று குரல் கொடுத்தே வாங்கிக்கொண்டவள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, படிக்கு ஒரு தரம் நின்று நின்று வந்தாள். தலை வாரியிருக்கவில்லை. ஒரு வாரத்தில் பத்து வயசு கூடின மாதிரி இருந்தாள். அவள் தம்பி லிஃப்ட்காரன் எழுந்து நாற்காலியைப் போட்டான். அவள் உட்காரவில்லை.

"உன்னால ஒரு உதவி ஆகணும்மா" என்றாள். டீச்சர் என்று சொல்லவில்லை. "நீதான் அதுங்களுக்குச் சொல்லிக் கொடுக்கறவ. என்னை ஏன் ஒதுக்குதுன்னு ஒரே ஒரு தடவை கேட்டுச் சொல்லு. தெரிஞ்சா திருத்திக்கறேன்."

லேப்டாப் மேஜைமேல்தான் இருந்தது. மாட்டேன் என்று சொல்ல டீச்சருக்கு வாய் வரவில்லை. கேட்டாள். அவள் எழுதினதெல்லாம் ஒரு வார்த்தை பிசகாமல் வந்தது. கூடவே கோடும் வந்தது. தரையோடு தரையாகப் போய், ஒரு நாள் சுவர் மாதிரி எழும்பி, அப்படியே நின்றுவிட்ட கோடு.

நாத்தனார் கண்ணைச் சுருக்கிக்கொண்டு திரைக்குக் கிட்டே போனாள். கோட்டுக்கு அடியில் இருந்த தேதியை விரலால் தொட்டுப் படித்தாள்.

"இது அந்த வெள்ளிக்கிழமை."

விரல் அந்தத் தேதியிலேயே நின்றது.

"இது உன்னை வச்சு நான் ஆடின நாளு." அவள் குரல் உடைந்தது. "அன்னிக்கு வந்த கூட்டத்தையா சொல்லுது? அது வாங்கின கூட்டம் இல்லையேம்மா. உன்னைப் பாத்துச் சிரிக்க வந்த கூட்டம். இதை நான் எவன்கிட்டப் போய்ச் சொல்லுவேன்? காசு கொடுக்கலைங்க, குழந்தையைப் பறிகொடுத்த பொண்ணு வயித்துல துணியை வச்சுக் காட்டினேன், அதுக்கு வந்தாங்கன்னு சொல்லவா?"

"அக்கா, விடு" என்றான் லிஃப்ட்காரன்.

"நீ சும்மா இருடா. நீயும் அன்னிக்கு ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான் நிறுத்தியிருப்பேன்." டீச்சரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். கட்டைவிரல் காய்ப்பு உறுத்தியது. "எனக்குத் தெரியும்மா. நீ அப்போதான் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்திருந்தேன்னு தெரியும். கூட்டம் ஏறுதுன்னு கண்ணு மண்ணு தெரியாமப் பேசிட்டேன். அந்தக் கண்ணீர்தான் என்னைப் பிடிச்சிருக்கு. மெஷின் என்ன பண்ணும், பாவம். மன்னிச்சுடும்மா."

இப்போதாவது சொல்லிவிடலாம். கையைப் பிடித்துக்கொண்டு இருக்கிறவளிடம், கண்ணீர் இல்லை அண்ணி, நான்தான் என்று சொல்லிவிடலாம். காஜாக்காரிக்கும் ஒரு வழி பிறக்கும். டீச்சர் வாயைத் திறந்தாள். ஆறு மாதமாக இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் காத்திருந்தாள். அது காலடியில் வந்து விழுந்திருக்கும்போது அதைத் திருப்பிக் கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை.

"பரவாயில்லை அண்ணி" என்றாள். "நான் அதையெல்லாம் எப்பவோ மறந்துட்டேன்."

நாத்தனார் அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதாள். டீச்சர் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

மழை விடுவதற்குள் தையல்கூடம் காலியாகிவிட்டது. ஓவர்லாக்கை யாரோ வந்து சாக்குப் போர்த்தித் தூக்கிக்கொண்டு போனார்கள். மெஷின்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. வெட்டின துணி மட்டும் எவருக்கும் வேண்டாமல் மூலையில் கிடந்து பூஞ்சை பிடித்தது. காஜாக்காரி ஒரு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறாள் என்று தண்ணீர் கேன்காரர் சொன்னார். பக்கத்தை மூடிவிட்டு நாத்தனார் புதுப் பேரில் இன்னொன்று ஆரம்பித்துப் பார்த்தாள். அதே முகம், அதே குரல். ஏஜென்ட் ஒரே நாளில் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டது. இப்போது அந்த உதாரணம் எல்லாப் பக்கத்திலும் இருந்தது. டீச்சருக்கு ஆபீஸில் தனி அறை கொடுத்திருந்தார்கள். வீட்டில் மட்டும், ஆபீஸில் அண்ணிக்காகப் பேசிப் பார்த்தேன், யாரும் கேட்கவில்லை என்று சொல்லி வைத்திருந்தாள்.

வேலை இல்லாமல் உட்காரத் தெரியாதவள் நாத்தனார். இரண்டு வீட்டுச் சமையலையும் தானே எடுத்துக்கொண்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சோறு, பருப்பு, வதக்கின பீன்ஸ், முட்டை எல்லாவற்றையும் இரண்டு நடையாக மாடிக்குத் தூக்கி வந்து தட்டு வைத்தாள்.

லிஃப்ட்காரன் சோற்றைப் பிசைந்துகொண்டே, "ஏன், உங்க ஆபீஸ்ல யாருகிட்டயாவது இன்னொரு தடவை சொல்லிப் பாக்கக் கூடாதா?" என்றான். பொண்டாட்டியிடம் அக்காவுக்காக அவன் கெஞ்சினது அதுதான் முதல் தடவை.

"அவளை நச்சாதேடா" என்றாள் நாத்தனார். "அவ எனக்காக எவ்வளவோ முட்டி மோதிப் பாத்துட்டா. அவளா இருக்கக் கண்டு இவ்வளவு தூரம் பொறுத்துக்கிட்டுப் பண்ணினா. வேற ஒருத்தியா இருந்தா நான் செஞ்சதுக்கு என் மூஞ்சியிலகூட முழிச்சிருக்கமாட்டா. சாப்பிடும்மா, நீ சாப்பிடு. போதுமா?"

டீச்சர் தட்டை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"இன்னும் கொஞ்சம் போடுங்க அண்ணி."